சாய்வுக் கம்பிகள்

மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதத் தொடங்கினேன்.
ஞாயிறு மதியம். பதினோரு பேர்.
தலைக்கு அரைக் கிலோ என்பது பைசாந்தூ கணக்கு,
பெந்தாங்கோர் கறிக்கடை வாசலில் விளையாடும் குழந்தைகூடச் சொல்லும்.
ஆனால் நாக்குகளை
எந்தத் தராசில் வைப்பது?

அண்ணன் வில்மருக்கு ரத்தம் கசிய வேண்டும்.
கத்தி பட்டால் மாடு திரும்பிப் பார்க்கணும் என்பான்.
தம்பி ஏபெருக்குக் கருக வேண்டும்,
செருப்பின் அடித்தோல் மாதிரி,
மறுபேச்சுக்கு இடமில்லாமல்.

அப்பாவின் லாரியை விற்ற காசு
ஆறு வருடமாக
இரண்டு தொண்டையிலும் எலும்பு.
ஒருவன் வருவதை மற்றவனிடம் நான் சொல்லவில்லை.
எனக்கு ஐம்பது முடிகிறது.
இந்த அளவு துரோகத்துக்கு உரிமை உண்டு.

மகள் கூட்டிவரும் லௌதாரோ
கண் உள்ள எதையும் தின்பதில்லையாம்.
உருளைக்கிழங்குக்கும் கண் உண்டே என்று கேட்டு
வாங்கிக் கட்டிக்கொண்டேன்.
முட்டைக்கு இல்லை. விசாரித்துவிட்டேன்.
ஆகவே குடைமிளகாயைப் பிளந்து உள்ளே ஒரு முட்டை,
சாம்பலில் புதைத்த சர்க்கரைவள்ளி,
அவனுக்கென்று தனிக் கம்பி, தனி இடுக்கி.
கொழுப்பு அந்தப் பக்கம் வழியக் கூடாது.

அடுத்த வீட்டு அசூந்தாவின் பல் செட்
முக்கால்வாசி நாள் தண்ணீர்க் கோப்பையில்தான் குடியிருக்கிறது.
அவளுக்குக் கன்றின் கழுத்துச் சுரப்பி,
எலுமிச்சை பிழிந்தால் வெண்ணெய்.
மாமா இலாரியோவுக்கு உப்பு ஆகாது,
ஆகாது என்று அவர் ஒப்புக்கொள்வதும் இல்லை.
பிள்ளைகள் மூன்றும் சாசேஜ், சாசேஜ், சாசேஜ்.
நடுவன் மட்டும் ரத்தக்குடலைப் பிரித்து
உலர்திராட்சையைப் பொறுக்கிக்கொண்டு
மிச்சத்தை நாய்க்குப் போடுவான்.
வில்மரின் மனைவியோ, "எனக்கு எதுவானாலும் சரி."
பட்டியலிலேயே சமைக்கக் கடினமானது அதுதான்.

இரவு பதினோரு மணிக்கு
முற்றத்தில் டார்ச் அடித்து அடுப்பைப் பார்த்தேன்.
எங்கள் ஊர்க் கம்பிகள் சாய்ந்தே கிடக்கும்:
கீழ் விளிம்பைத் தணல் நக்கும்,
மேல் விளிம்புக்குச் சூடு விருந்தாளிபோல் வந்து போகும்.
சட்டென்று தெரிந்தது.
இரண்டு துண்டு எதற்கு?
ஒரே விலாப்பத்தி. நெட்டுக்கு வைத்தால்
மேல் முனை வில்மருக்கு, கீழ் முனை ஏபெருக்கு.
இருவரையும் அடித்துவிட்டு
ஒரே வரியாக எழுதினேன்.

ஒன்றை மறந்திருந்தேன்.
நெருப்புக்கு யார் என்று எழுதவேயில்லை.

வில்மர் வந்தான், வண்டி நிறைய முள்மர விறகோடு.
ஏபெர் வந்தான், தன் சொந்த இடுக்கியோடு.
இருவரும் முறைத்தது என்னை.
பிறகு அடுப்பின் இரண்டு பக்கமும் போய் நின்றார்கள்.
ஒருவன் தணலை முன்னுக்கு இழுத்தான்,
மற்றவன் பின்னுக்குத் தள்ளினான்.
இழுத்தான். தள்ளினான்.
ஒரு மணி நேரம்
மண்வாரி மட்டும்தான் செங்கல்லோடு பேசியது.

விலா
ரத்தமும் இல்லாமல் கரியும் இல்லாமல்
முனைக்கு முனை ஒரே பழுப்பாக வெந்தது,
யாருக்கும் பிடிக்காத பதம்.
இதற்குள் லௌதாரோவின் சர்க்கரைவள்ளியில்
பாதியை மாமா முடித்திருந்தார்.

ஏபெர் ஒரு வாய் மென்றான். நிறுத்தினான்.
"உப்பே இல்லை."
"சுத்தமா இல்லை," என்றான் வில்மர்
தட்டைப் பார்த்தபடி.
"இவ எப்பவுமே இப்படித்தான்."
"அந்தக் கிறிஸ்துமஸ் ஆட்டுக்குட்டி ஞாபகம் இருக்கா?"
"அது கொடுமை."

உப்பு எடுத்துவர எழுந்தேன்.
அடுக்களையில் ஜாடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
குழாயைத் திறந்து
கழுவி வைத்த டம்ளரையே
இன்னொரு முறை கழுவினேன்.